நடத்தையைக் கொண்டு பறவையை அடையாளம் காணுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பறவை நோக்கலுக்குப் புதிதாக வருபவர்கள் என்னிடம் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. நிறத்தைப் பார்த்துப் படப்புத்தகத்தைப் புரட்டி, எதுவும் பொருந்தாமல் சலித்துப்போனவர்களே பெரும்பாலும் அவற்றைக் கேட்கிறார்கள். அக்கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முதலில் வருபவை எளியவை. போகப்போகச் சிக்கல் கூடும்.

பறவையின் நிறமும் அளவும் தெரிந்தால் போதாதா? அது என்ன செய்கிறது என்பதை ஏன் பார்க்க வேண்டும்?

நிறம் வெளிச்சத்தைப் பொறுத்தது. வானத்தைப் பின்புலமாகக் கொண்டு உட்கார்ந்திருக்கும் எந்தப் பறவையும் கருப்பாகவே தெரியும். மாலை வெயிலில் சாம்பல் நிறப் பறவை செம்பழுப்பாகத் தோன்றும். ஒரே இனத்தில் ஆணும் பெண்ணும் குஞ்சும் வெவ்வேறு நிறத்தில் இருப்பதும் உண்டு. ஆண் குயில் கருப்பு, பெண் குயில் பழுப்பு உடலில் வெண்புள்ளிகள் கொண்டது; இரண்டையும் அருகருகே பார்த்தவர்கூட ஒரே இனம் என்று நம்பத் தயங்குவார். அளவோ அதைவிட மோசமான சாட்சி. பக்கத்தில் ஒப்பிட வேறொரு பறவை இல்லையென்றால், தொலைவில் தெரியும் உருவம் மைனா அளவா புறா அளவா என்று சொல்வது வெறும் ஊகமே.

நடத்தை அப்படி எளிதில் ஏமாற்றுவதில்லை, ஏனெனில் அது உடலமைப்பிலிருந்து வருகிறது. மரங்கொத்தியின் வாலிறகுகள் விறைப்பானவை; அவற்றை மரத்தில் ஊன்றி முட்டுக்கொடுத்துக்கொண்டு, செங்குத்தாக நிமிர்ந்து, மேல்நோக்கித் தத்தித் தத்தி ஏறுகிறது. நிழலுருவமாகத் தெரிந்தாலும், ஆணோ பெண்ணோ எதுவானாலும், இந்த ஏற்றம் மாறாது. தலைகீழாக மரத்தண்டில் இறங்கும் சிறு பறவை ஒன்றைக் கண்டால், அது மரங்கொத்தியாக இருக்க வாய்ப்பில்லை என்று அப்போதே விலக்கிவிடலாம்.

முதலில் எதைக் கவனிப்பது? எல்லாம் ஒரு நொடியில் நடந்து முடிந்துவிடுகிறதே.

ஒன்றை மட்டுமே கவனிக்க நேரம் இருந்தால், அது எப்படி இரை தேடுகிறது என்பதைக் கவனியுங்கள். இரை தேடும் முறையில் அலகு, கால், சிறகு மூன்றும் ஒருசேர வெளிப்படுகின்றன. இன்னும் நேரம் கிடைத்தால் அது எங்கே இருக்கிறது (தரை, புதர், மரத்தண்டு, இலைக்கூட்டம், நீர்விளிம்பு), எப்படி நகர்கிறது, வாலை என்ன செய்கிறது, தனியாக இருக்கிறதா கூட்டமாகவா என்பவற்றைப் பாருங்கள்.

பறவை கண்முன்னே இருக்கும்போது புத்தகத்தையோ கைப்பேசியையோ திறக்காதீர்கள் என்பது நான் சற்றுக் கண்டிப்பாகவே சொல்லும் ஒன்று. பறவை பறந்துபோய்விடும், புத்தகம் எங்கும் போகாது.

தரையில் இருக்கும் பறவை நடக்கிறதா, தத்துகிறதா என்பதில் அப்படி என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது. மைனா ஒரு காலுக்குப் பின் மறுகாலை எடுத்து வைத்து நடக்கும். சிட்டுக்குருவி இரு கால்களையும் சேர்த்துத் தத்தும். தவிட்டுக்குருவியும் கொண்டைக்குருவியும் தத்துபவை. வானம்பாடி, நெட்டைக்காலி, வாலாட்டி ஆகியவை நடப்பவை. கிளைகளில் வாழப் பழகியவை தரைக்கு வந்தாலும் தத்துகின்றன, திறந்த வெளியில் வாழ்பவை நடக்கின்றன என்று பொதுவாகக் கொள்ளலாம். காகம் இரண்டும் செய்யும் என்பதால் இதை விதி என்று சொல்ல மாட்டேன்.

சேற்றுக் கரையில் இந்தக் கவனிப்பின் பயன் இன்னும் கூடும். அங்கே பழுப்பும் சாம்பலுமாக ஓடித் திரியும் சிறு பறவைகள் எல்லாம் முதல் பார்வைக்கு ஒன்றே. சற்றுப் பொறுத்துப் பாருங்கள். ஒரு சாரார் சில அடிகள் விரைந்து ஓடி, சட்டென்று நின்று, எதையோ உற்றுப் பார்த்து, குனிந்து ஒரு கொத்துக் கொத்திவிட்டு மறுபடி ஓடுவார்கள். இவை உப்புக்கொத்திகள். பெரிய கண்ணும் குட்டையான அலகும் கொண்ட இவை இரையைக் கண்ணால் கண்டு பிடிப்பவை; அதனால்தான் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. மற்றொரு சாரார் தலையைத் தாழ்த்தியபடியே நடந்து, அலகைச் சேற்றில் விட்டு விட்டு எடுத்துக்கொண்டே இருப்பார்கள். இவை உள்ளான்கள், பல உள்ளான்கள் அலகு நுனியின் தொடுவுணர்வால் சேற்றுக்குள் இருக்கும் புழுவை அறிபவை. ஒரு சிறகின் நிறம்கூடத் தெரியாத தொலைவிலிருந்து இந்தப் பிரிவைச் செய்துவிடலாம்.

வாலை ஆட்டினால் வாலாட்டி என்று முடிவு செய்துவிடலாமா?

கூடாது. வால் ஆடுகிறது என்பது பாதித் தகவல்தான். எப்படி ஆடுகிறது என்பது மீதி. வாலாட்டிகள் நீண்ட வாலை மேலும் கீழுமாக ஆட்டும். நீர்விளிம்பில் திரியும் உள்ளான்களில் ஒன்று, வாலை மட்டுமல்லாமல் உடலின் பின்பகுதி முழுவதையும் ஊஞ்சல் போல ஓயாமல் ஏற்றி இறக்கும். அதன் வால் குட்டை. மர நிழலில் நடமாடும் கொடிக்கால் வாலாட்டியோ தன் உறவுகளிலிருந்து விலகி வாலைப் பக்கவாட்டில் அசைக்கும். இந்த ஓர் அசைவே அதை மற்ற வாலாட்டிகளிலிருந்து பிரித்துவிடுகிறது.

கருஞ்சிட்டு வாலைத் தூக்கி நிறுத்தி, வாலடியின் செம்பழுப்பைக் காட்டும். விசிறிவால் ஈப்பிடிப்பான் வாலை விரித்து இருபுறமும் திரும்பித் திரும்பி ஆடும். தாழைக்கோழி நீந்தும்போதும் நடக்கும்போதும் வாலை வெடுக்கு வெடுக்கென்று உதறி, அடிப்புற வெள்ளையைக் காட்டும். ஆகவே குறிப்பில் "வாலை ஆட்டியது" என்று எழுதாமல், எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில், விரித்தா மடக்கியா என்று எழுதுங்கள்.

கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருப்பவை தகைவிலான்களா, உழவாரன்களா?

தகைவிலான்கள். உழவாரன்களின் கால்கள் மிகச் சிறியவை. சுவரிலோ பாறையிலோ தொற்றிக்கொள்ள உதவுமே தவிர, கம்பியைப் பற்றி உட்கார உதவா. அவற்றின் வாழ்க்கை வானில்தான். சாதா உழவாரன்களில் சில, கூடு கட்டும் காலம் தவிர்த்த ஏறக்குறைய 10 மாதங்களும் எங்கும் இறங்காமல் பறந்தவாறே கழிக்கின்றன என்பதைச் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டனர்.

இரண்டும் பறந்துகொண்டிருந்தால் சிறகைப் பாருங்கள். உழவாரன் அரிவாள் போல வளைந்த விறைப்பான சிறகுகளை வேகமாக அடித்துவிட்டு நெடுந்தூரம் வழுக்கிச் செல்லும். தகைவிலானின் சிறகடிப்பு மென்மையானது, அடிக்கடி திசை மாறுவது. ஒரு விலக்கு உண்டு: கொண்டை உழவாரன் பட்ட மரக்கிளைகளில் நன்றாகவே உட்காரும். பெயரில் உழவாரன் இருந்தாலும் அது வேறு குடும்பம்.

பறக்கும் விதத்தை மட்டும் வைத்து எவ்வளவு தூரம் சொல்ல முடியும்?

குடும்பம் வரை பெரும்பாலும் சொல்லலாம். சில முறை சிறகடித்து, பின் சிறகை உடலோடு மடக்கி, அலைபோல ஏறியும் இறங்கியும் செல்வது மரங்கொத்திகளிடமும் வாலாட்டிகளிடமும் தெளிவாகத் தெரியும். கொண்டலாத்தி வண்ணத்துப்பூச்சியைப் போலத் தள்ளாடிப் பறந்து, இறங்கியவுடன் கொண்டையை ஒருமுறை விரித்து மடக்கும். நீண்ட கால்களையுடைய பெரிய பறவைகளில், கழுத்தை மடக்கிக்கொண்டு பறப்பவை கொக்குக் குடும்பத்தவை. கழுத்தை நீட்டிப் பறப்பவை நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன் போன்றவை. கொக்கு எழும்பிய முதல் சில நொடிகளில் கழுத்து நீண்டிருக்கும் என்பதால் சற்றுப் பொறுத்தே முடிவு செய்ய வேண்டும்.

இரைகொல்லிப் பறவைகளில் இது மிகவும் உதவும், அவை பெரும்பாலும் வானில்தான் கிடைக்கின்றன. கரும்பருந்து பிளவுபட்ட வாலைச் சுக்கான் போல இடமும் வலமும் திருகித் திருகிச் செல்லும். பூனைப்பருந்து சிறகுகளை மேல்நோக்கிச் சற்றுச் சாய்த்து வைத்துக்கொண்டு, புல்வெளிக்கும் நாணலுக்கும் மேலே மிகத் தாழ்வாக, எதையோ தொலைத்தவர் தேடுவதுபோல முன்னும் பின்னும் பறக்கும்.

வானில் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும் பறவை எது?

ஒன்றல்ல, பல. கீழே நீர் இருந்தால், அலகைக் கீழ்நோக்கித் தாழ்த்தி நின்று, நேர்க்குத்தாகப் பாய்வது கருப்பு வெள்ளை மீன்கொத்தி. மற்ற மீன்கொத்திகள் பெரும்பாலும் கிளையிலிருந்தே பாய்கின்றன. கீழே புல்வெளி இருந்தால், வல்லூறு வகையில் சிறியது ஒன்று காற்றை எதிர்த்து வாலை விசிறியாக விரித்து நிற்கும். வெளிறிய உடலும் கருந்தோளும் கொண்ட சிறு பருந்தும் அப்படியே நின்று, காலைத் தொங்கவிட்டபடி படிப்படியாக இறங்கும். பாம்புண்ணிக் கழுகுகளில் பெரியது ஒன்றும் இவ்வாறு நிற்கக்கூடும் என்பதால், அளவையும் சேர்த்துப் பார்க்காமல் பெயர் சொல்லிவிடாதீர்கள்.

வெள்ளைக் கொக்குகள் எல்லாம் ஒன்றாகவே தெரிகின்றன. நடத்தையால் பிரிக்க முடியுமா?

பெருமளவு முடியும். மேயும் மாடுகளின் காலடியில் நடந்து, அவை கிளப்பிவிடும் வெட்டுக்கிளிகளைப் பிடிப்பது உண்ணிக்கொக்கு. இதற்கு நீர் தேவையே இல்லை. ஆழமில்லாத நீரில் சுறுசுறுப்பாக ஓடி, ஒரு காலை நடுங்கச் செய்து அடிச்சேற்றைக் கலக்கி, வெளிவரும் மீனைக் குத்துவது சின்னக்கொக்கு. அது காலைத் தூக்கும்போது கருங்காலின் முனையில் மஞ்சள் விரல்கள் தெரிந்தால் ஐயமே இல்லை. பெரிய கொக்கு அவசரப்படுவதில்லை. நீண்ட கழுத்தில் ஒரு முடிச்சுப் போன்ற வளைவுடன் நெடுநேரம் அசையாமல் நிற்கும், அல்லது ஓரடிக்கும் மறு அடிக்கும் இடையில் வெகுநேரம் எடுத்துக்கொண்டு நடக்கும்.

இவற்றுக்கிடையில் நிற்கும் நடுத்தர அளவுள்ள கொக்கு நடத்தையிலும் நடுத்தரமானதே. அதற்கு அலகின் நீளத்தையும் வாய்க்கோடு (வாயின் பிளவு அலகிலிருந்து பின்னோக்கி நீளும் கோடு) கண்ணைத் தாண்டுகிறதா என்பதையும்தான் பார்க்க வேண்டும். பெரிய கொக்கின் வாய்க்கோடு கண்ணுக்குப் பின்னும் நீளும். மடையான் உட்கார்ந்திருக்கும்போது மண் நிறத்தில் மறைந்திருந்து, எழும்பினால் வெள்ளைச் சிறகுகளை விரித்து வெண்கொக்கைப் போல ஏமாற்றும். எழுவதற்கு முன் அதைப் பார்த்திருந்தால் குழப்பமில்லை.

நீரில் மிதப்பவற்றுள் வாத்து எது, வாத்து அல்லாதது எது?

முங்கும் விதத்தைப் பாருங்கள். வாலை மேலே தூக்கித் தலையை மட்டும் நீருக்குள் விட்டு மேய்பவை மேல்நீர் வாத்துகள்; இவை வெருண்டால் நீரிலிருந்து நேராக எழும்பும். முழுவதும் முங்கி வேறோரிடத்தில் எழும் வாத்துகள் நீர்ப்பரப்பின்மேல் ஓடித்தான் பறக்க முடியும். வாலே இல்லாததுபோல உருண்டையாக, தக்கை போல மிதந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் காணாமல் போவது முக்குளிப்பான். அது வாத்தே அல்ல.

நீர்க்காகமும் பாம்புத்தாராவும் கரையில் சிறகு விரித்து உலர்த்தும்போது ஒன்றுபோல் தெரியும். நீரில் அப்படியில்லை. பாம்புத்தாராவின் உடல் முழுவதும் நீருக்குள் அமிழ்ந்து, கழுத்து மட்டும் பாம்பு போல வெளியே நெளியும். நீர்க்காகம் வளைந்த நுனியுடைய அலகால் மீனைக் கவ்வும். பாம்புத்தாரா ஈட்டி போன்ற அலகால் குத்தி, மேலே வந்து மீனைச் சுண்டி எறிந்து விழுங்கும்.

கிளையிலிருந்து பாய்ந்து பூச்சியைப் பிடித்துவிட்டு அதே கிளைக்குத் திரும்பும் பறவைகள் பல இருக்கின்றனவே?

உண்மைதான். கரிச்சான், பஞ்சுருட்டான், ஈப்பிடிப்பான் மூன்றும் இதைச் செய்கின்றன. திரும்பி வந்தபின் என்ன நடக்கிறது என்பதில்தான் வேறுபாடு. பஞ்சுருட்டான் பிடித்த தேனீயைக் கிளையில் அடித்துத் தேய்த்து, கொடுக்கின் நஞ்சை நீக்கிய பிறகே விழுங்கும். கரிச்சானுக்கு இரையைக் காலில் பிடித்துக்கொண்டு கொத்தித் தின்னும் பழக்கம் உண்டு. இடையில் தன்னைவிடப் பன்மடங்கு பெரிய பருந்தையோ காகத்தையோ துரத்தவும் போய்விடும்.

பாய்ச்சல் தரையை நோக்கி இருந்தால் கீச்சானையோ பனங்காடையையோ எண்ணுங்கள். கீச்சான்கள் பிடித்த இரையை முள்ளில் குத்தி வைப்பதும் உண்டு. முள்மரத்தில் செருகிய வெட்டுக்கிளியைக் கண்டால், பறவையைக் காணாமலேயே அது அருகில் இருப்பதை அறியலாம்.

பழுப்பு நிறச் சிறு தரைப் பறவைகளைக் கண்டாலே பயமாக இருக்கிறது. ஏதாவது வழி உண்டா?

இனப்பெருக்கக் காலம் வரை பொறுத்திருப்பதே வழி. அப்போது ஆண்கள் வானேறிப் பாடும்; ஏறும் விதமும் இறங்கும் விதமும் ஒவ்வொன்றுக்கும் தனி. வானம்பாடிகளில் ஒருவகை கண்ணுக்கெட்டாத உயரம்வரை ஏறி, அங்கேயே சிறகடித்து நின்று நெடுநேரம் பாடும். புதர்களுக்கிடையே வாழும் வகை சிறிது உயரமே ஏறி, சிறகுகளை மேல்நோக்கி விரித்துக் காலைத் தொங்கவிட்டு, குடை இறங்குவதுபோல மெல்ல இறங்கும். சாம்பல் தலையுடைய இன்னொரு வகை சிறகை மூடிக்கொண்டு கல்லைப்போல விழுந்து, தரைக்கு மேலே சட்டென்று விரித்து மறுபடி எழும்பும்.

புதர்களில் திரியும் கதிர்க்குருவிகளுக்கும் இத்தகைய உதவி உண்டு. சாம்பல் கதிர்க்குருவி பறக்கும்போது தீப்பொறி தெறிப்பது போன்ற டிக் டிக் ஒலி கேட்கும்.

நீர்நிலையே இல்லாத இடத்தில் மீன்கொத்தியைப் பார்த்தேன் என்றால் யாரும் நம்பவில்லை. நான் பார்த்தது தவறா?

தவறில்லை. வெண்மார்பு மீன்கொத்தி வெட்டுக்கிளி, பல்லி, ஓணான் ஆகியவற்றையும் உண்ணும். நீரிலிருந்து வெகுதூரம் தள்ளியும் வாழும். பெயர் ஒரு நடத்தையைச் சொல்லும், பறவை அதற்குக் கட்டுப்பட்டதல்ல.

இதையொட்டி ஒரு பொது எச்சரிக்கை. இரை மிகுதியாகக் கிடைக்கும்போது பறவைகள் வழக்கத்தை விட்டுவிடும். ஈசல் பறக்கும் மாலையில் காகம், மைனா, பருந்து எல்லாமே காற்றில் பூச்சி பிடிக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் பார்த்ததை வைத்து இனத்தை முடிவு செய்வது வீண்.

வைரி என்று உறுதியாகக் குறித்தேன், அக்காக்குயில் என்றார்கள். நடத்தையும் ஏமாற்றுமா?

ஏமாற்றும், இது அதற்குச் சிறந்த சான்று. நானும் இதில் தவறியிருக்கிறேன். அக்காக்குயில் நிறத்தில் மட்டுமல்லாமல் பறப்பதிலும் வைரி என்னும் சிறு இரைகொல்லிப் பறவையைப் போன்றது. சிலமுறை சிறகடித்து, வழுக்கி, கிளையை நோக்கி மேலெழும்பி அமர்வதுவரை ஒத்திருக்கும். சிறு பறவைகளே அஞ்சி அபயக் குரல் எழுப்புகின்றன. தவிட்டுக்குருவியின் கூட்டில் முட்டையிடும் பறவைக்கு இந்த வேடம் பயன்படக்கூடும் என்று கருதப்படுகிறது.

பிரிக்க, அது அமர்ந்த பிறகு காத்திருங்கள். வைரி நிமிர்ந்து உட்காரும்; நீண்ட மஞ்சள் கால்களும் கொக்கி அலகும் தெரியும். அக்காக்குயில் சிறகுகளைச் சற்றுத் தொங்கவிட்டு அமர்ந்து, இலைகளுக்கிடையே கம்பளிப்புழுவைத் தேடத் தொடங்கிவிடும். இரண்டாம் கேள்வியில் இரை தேடும் முறைக்கு முதலிடம் கொடுத்தது இதனால்தான்: பறப்பது ஒத்திருந்தாலும் வயிறு வேறு.

பாட்டும் குரலும் நடத்தையில் சேருமா? கைப்பேசிச் செயலியே பெயர் சொல்லிவிடுகிறதே.

சேரும். 1768ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் கில்பர்ட் ஒயிட், தோற்றத்தில் மிகவும் ஒத்த மூன்று இலைக்குருவிகளைக் குரலைக் கொண்டு மூன்று இனங்கள் என்று காட்டினார். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலியில் 2021 முதல் ஒலியறியும் வசதி இருக்கிறது; நல்ல உதவியாளர்தான்.

ஆனால் துடுப்புவால் கரிச்சான் பிற பறவைகளின் குரலை அப்படியே எழுப்பும். செயலி கேட்பது குரலை மட்டுமே. குரல் எழுப்பிய அலகைப் பார்க்க வேண்டியவர் நீங்கள். பதிவு செய்த குரலை ஒலிபரப்பிப் பறவையை வரவழைப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அப்படி வரும் பறவை எல்லையைக் காக்கும் பதற்றத்தில் இருக்கும். நீங்கள் காண்பது அதன் இயல்பான நடத்தையாக இராது.

அடிபட்டதுபோல் சிறகை இழுத்துக்கொண்டு ஒரு பறவை என் முன்னே ஓடியது. இதையும் குறிப்பாகக் கொள்ளலாமா?

கொள்ளலாம், ஆனால் முதலில் அங்கிருந்து விலகுங்கள். உப்புக்கொத்திகள் போன்ற தரையில் கூடு வைப்பவை, முட்டையிலிருந்தும் குஞ்சிலிருந்தும் நம் கவனத்தைத் திருப்ப இப்படி நடிக்கின்றன. உங்கள் அடுத்த அடியில் முட்டை இருக்கக்கூடும். வந்த வழியே திரும்புவது நல்லது.

பல ஆண்டுகளாகப் பார்ப்பவர்கள் ஒரு கணத்தில் பெயர் சொல்லிவிடுகிறார்கள். அதைக் கற்க முடியுமா?

ஆங்கிலப் பறவை நோக்கர்கள் இதை 'ஜிஸ்' என்கிறார்கள். 1920களின் தொடக்கத்தில் டி. ஏ. கவர்ட் என்பவர் இச்சொல்லை அச்சில் கொண்டுவந்தார். கடலோர அயர்லாந்துக்காரர் ஒருவர் பறவைகளை எப்படி அறிகிறீர்கள் என்ற கேள்விக்கு அளித்த விடை அது என்று எழுதினார். தெருமுனையில் வரும் உறவினரை முகம் தெரியுமுன்பே நடையால் அறிந்துகொள்கிறோம் அல்லவா, அதுதான் இது.

கற்க, அன்றாடம் காணும் மூன்று நான்கு பறவைகளைத் தேர்ந்தெடுத்து, பெயர் தெரிந்த பிறகும் பத்து நிமிடம் பாருங்கள். பெயர் தெரிந்தவுடன் பார்வையைத் திருப்பிக்கொள்வதே பெரும்பாலானோரின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்பது என் எண்ணம். மைனாவை நன்றாக அறிந்தவர், மைனா அல்லாதது வந்த கணத்திலேயே நிமிர்ந்து உட்காருவார்.

இத்தனையும் பார்த்த பிறகும் இனம் தெரியவில்லை என்றால் என்ன எழுதுவது?

தெரிந்த மட்டும் எழுதுங்கள். "உப்புக்கொத்தி வகை, இனம் தெரியவில்லை" என்பது முறையான குறிப்பு. ஊகித்து எழுதிய இனப்பெயர் பிழையான குறிப்பு. அதன் கீழே பறவை செய்ததை வினைச்சொற்களில் எழுதுங்கள்: "சேற்று விளிம்பில் தனியாக இருந்தது, நான்கைந்து அடி ஓடி நின்று கொத்தியது, ஒருமுறை காலைச் சேற்றின்மேல் நடுங்கவைத்தது, எழும்பியபோது இருமுறை கத்தியது." நேரம், வெளிச்சம், தொலைவு ஆகியவற்றையும் சேருங்கள். ஒரு வருடம் கழித்து அதே பறவையை அருகில் காணும்போது, பழைய குறிப்பைத் திறந்து பெயரை நீங்களே நிரப்பிக்கொள்ளலாம்.